கில்ட் கட்டினால் தலைக்கு என்ன? பிளெசன்டன் வெயிலில் ஒரு நாள்

சான் பிரான்சிஸ்கோவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்ட் ரயில் ஏறுவோம். குன்றுகளைத் தாண்டிக் கடைசி நிலையமான டப்ளின்/பிளெசன்டனில் இறங்கினால் வெயில் முகத்தில் அறையும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய வாரயிறுதியில் இந்த ஊரில்தான் ஸ்காட்லாந்து விளையாட்டு விழா. சான் பிரான்சிஸ்கோ கலிடோனியன் கிளப் 1866இல் தொடங்கி வைத்தது. பேக்பைப் என்ற காற்றுப்பை வைத்த குழல் வாத்தியம் வாசிக்கும் நண்பர் அழைத்ததால், அவர் கொடுத்த கில்ட்டை, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட பாவாடையை, கட்டிக்கொண்டு நானும் போனேன்.

ஒரு முழுக் கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி வரை பிடிக்கும். பின்பக்கம் முழுக்க மடிப்பு. காலில் முழங்கால்வரை கம்பளிக் காலுறை. இடுப்புக்குக் கீழே இவ்வளவு சூட்டைச் சுமக்கும்போது தலையாவது காற்றோட்டமாக இருக்க வேண்டும். ஆனால் கில்ட்டோடு வழக்கமாக அணியும் கிளென்கேரி, பால்மோரல் இரண்டுமே கம்பளித் தொப்பிகள், இரண்டுக்கும் விளிம்பு கிடையாது. மழைக்கும் குளிர்காற்றுக்கும் பிறந்தவை அவை. பிளெசன்டன் வெயிலில் காது, மூக்கு, பிடரி மூன்றையும் அப்படியே விட்டுவிடும்.

"வேறு தொப்பி போட்டால் மரபு கெடாதா?" என்று நண்பரிடம் கேட்டேன். வரலாறே பதில் சொல்கிறது. வெயில் நாடுகளுக்கு அனுப்பப்பட்ட ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) படைவீரர்கள் கில்ட்டைக் கழற்றவில்லை. தலையில் இருந்ததைத்தான் மாற்றினார்கள். அகல விளிம்புள்ள வெயில் தொப்பிக்கு மாறி, அதன்மேல் சுற்றிய துணியில் தங்கள் ரெஜிமெண்டின் டார்ட்டன் (கட்டம் போட்ட கம்பளித் துணி) துண்டையோ இறகுக் கொத்தையோ செருகிக்கொண்டார்கள். இந்தியாவில் சோலா தொப்பி என்ற அந்த வெயில் தொப்பியைச் செய்தது நம் குளக்கரை நெட்டியில். தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குகிறார்களே, அதே நெட்டிதான். இதைவிட என்ன சான்று வேண்டும்? எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆகவே என் தேர்வு வைக்கோல் தொப்பி. விளிம்பு 7.5 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் தோல் புற்றுநோய்த் தடுப்பு அறிவுரையும் பெரியவர்களுக்கு அந்த அளவைத்தான் சொல்கிறது. நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி பெரிதானால் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் இறங்கும். உள்ளே வியர்வை உறிஞ்சும் பட்டை அவசியம். நிறம் வெளிர்மஞ்சளோ மணல்நிறமோ போதும், கட்டம் போட்ட தொப்பி வேண்டாம். கண் கில்ட்டில் நிற்கட்டும். தொப்பியைச் சுற்றி, கில்ட்டின் நிறங்களில் ஒன்றை எடுத்து ஒரு ரிப்பன் கட்டினால் அந்தப் படைவீரர் வழக்கத்துக்கே போய்விடுகிறோம்.

கழுகு இறகை மட்டும் செருகாதீர்கள். ஸ்காட்லாந்து வழக்கில் குலத் தலைவருக்கு மூன்று இறகு, அவருக்கு அடுத்த நிலையினருக்கு இரண்டு, தன் பெயருக்கென்று முறைப்படி மரபுச்சின்னம் பெற்றவருக்கு ஒன்று. அது பதவி அடையாளம், அழகுக்கு வைப்பதல்ல. அமெரிக்காவில் கழுகு இறகு வைத்திருப்பதற்கே சட்டத் தடையும் உண்டு.

எல்லோருக்கும் இந்தத் தொப்பி பொருந்தாது. பேக்பைப்பின் நீளக் குழல்கள் இடது தோளில் சாய்ந்து நிற்பதால் அகல விளிம்பு அவற்றில் இடிக்கும். நண்பர் வாசிக்கும் நேரம் மட்டும் கிளென்கேரி வைத்தார், முடிந்ததும் நிழலுக்கு ஓடி வைக்கோலுக்கு மாறினார். நீண்ட மரக்கம்பத்தைத் தூக்கி வீசும் போட்டியாளர்களுக்கும் அதே சிக்கல்: கம்பம் தோளோடு கழுத்தை ஒட்டி நிற்கிறது, விளிம்புக்கு இடமே இல்லை. அவர்களில் பலர் பேஸ்பால் கேப் போட்டிருந்தார்கள். வீசும் அந்தச் சில நிமிடங்களுக்கு அது சரிதான். நாள் முழுக்க நின்று பார்க்கிறவர்கள் அதை நம்பக் கூடாது, பிடரி வெந்துவிடும்.

தொப்பி எட்டாத இடம் ஒன்று உண்டு: முழங்காலின் பின்புறம். 1899 டிசம்பர் 11, தென்னாப்பிரிக்காவின் மாகர்ஸ்ஃபோண்டெய்னில் ஹைலேண்ட் படையினர் குண்டுமழையில் எழ முடியாமல் பகல் முழுக்கக் குப்புறக் கிடந்தார்கள். தலையில் வெயில் தொப்பி இருந்தது. கால்களின் பின்புறம் வெயிலில் வெந்து கொப்பளித்துப்போனது. கில்ட்டுக்கும் காலுறைக்கும் நடுவே உள்ள அந்த நாலு விரல் இடத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசுங்கள், மதியம் இன்னொரு முறையும்.