துகள் உறைபனி இரவுகளில் சாடிச் செடிகள்

நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளைக் குளிரில் கறிவேப்பிலை வளர்க்கப் பிடிவாதம் வேண்டும். எனக்கு அது நிறையவே இருக்கிறது. ஜனவரி தொடங்கி மார்ச் வரை, வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து காற்றும் அசையாத இரவுகள்தான் ஆபத்து. மேகம் இருந்தால் நிலத்துச் சூடு அவ்வளவு வேகமாக வெளியேறாது. வானிலை அறிவிப்பில் "துகள் உறைபனி", அதாவது புல்லில் வெள்ளையாய்ப் படியும் பனி, என்று கேட்டதுமே பின்னேரம் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

இந்த முறை முதலில் இடத்தை மாற்றினேன். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் வாசலிலும் கீழ்ப்படிப் பக்கத்துப் புல்தான் முதலில் வெளுக்கும். அதனால் கறிவேப்பிலை, மிளகாய், வண்ண இலைக் கோலியஸ் சாடிகளை மேலே கொண்டுவந்து இஸ்தோப்பின் (வராந்தாவின்) கல்சுவரோரம் நெருக்கி வைத்தேன். பகல் முழுக்க வெயில் வாங்கிய சுவர் இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நிலத்தில் நிற்கும் செடியின் வேருக்கு மண் காவல். சாடிக்கோ சுற்றிலும் குளிர். அதற்காகச் சாடிகளைச் சணல் சாக்கால் சுற்றி, இடுக்குகளில் காய்ந்த மானாப்புல்லைத் திணித்தேன். காலையிலேயே அளவாகத் தண்ணீர். ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும்.

அப்புறம் மூடுவது. மூங்கில் குச்சிகளை ஊன்றி, பழைய பெட்ஷீட்டைத் தரைவரை தொங்கவிட்டு ஓரத்தில் கல் வைத்தேன். துணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் தரையிலிருந்து எழும் சூடு உள்ளே வராது. பொலித்தீன் வேண்டவே வேண்டாம். இலையில் ஒட்டிய இடமெல்லாம் கருகும்.

புல் வெள்ளையாய்க் கிடந்த ஒரு விடியலில் வெளியே 2 பாகை, துணிக்குள்ளே 5. மிளகாய் அப்படியே நின்றது. கறிவேப்பிலை சில இலைகளை உதிர்த்தது. குளிரில் அது வழக்கம்தான். கோலியஸின் நுனிகள் மட்டும் கறுத்துவிட்டன. 10 பாகைக்குக் கீழே போனாலே அதற்கு ஆகாது, துணி எவ்வளவு காக்கும்? இப்போது இரவில் அது குசினிக்குள்.

"கறுத்தத வெட்டிப் போடு பிள்ள" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "குளிர் முடியட்டும் அக்கா" என்றேன். இப்போதே வெட்டினால் இளந்துளிர் கிளம்பும். அடுத்த உறைபனிக்கு அதுதான் முதலில் போகும். வெயில் ஏறியதும் துணியை எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிவிடும்.

கறிவேப்பிலையின் அடித்தண்டில் பச்சையாய் ஒரு முளை தெரிகிறது. மார்ச் முடியும்வரை உரம் போடப் போவதில்லை.