உதிர்ந்த இறகிலிருந்து பாறுகளின் மரபணு வரை

நீலகிரி அடிவாரத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் வெண்முதுகுப் பாறுகளின் (பிணந்தின்னிக் கழுகுகளின்) மரபணுவை ஆராயத் தொடங்கியபோது, பறவையைப் பிடிப்பதில்லை, கூட்டை நெருங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை இது. டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி செலுத்தப்பட்ட கால்நடைகளின் உடலைத் தின்று, 1990களில் தொடங்கி 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோன இனம். கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006இல்தான் தடைசெய்யப்பட்டது.

ஆகவே, அவை கூடு கட்டும் நீர்மருத மரங்களுக்குச் சற்றுத் தள்ளி உதிர்ந்து கிடக்கும் இறகுகளையே நம்பினோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை என்பதால், அந்த இறகைப் பொறுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். காத்திருப்பு நீண்டது; ஆயினும் அந்தக் கெடுபிடி தேவையானது என்றே கருதுகிறேன்.

வெயிலும் மழையும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும் என்பதால் புதிதாக உதிர்ந்த இறகுகளே பயன்பட்டன. பலரும் இறகுக் காம்பின் நுனியைத்தான் வெட்டுவார்கள். ஆனால் காம்பு முடிந்து இழைகள் தொடங்கும் இடத்தில், உட்புறமாக, இறகு வளர்ந்த காலத்து இரத்தம் உறைந்து கடுகளவு கருஞ்சிவப்புப் புள்ளியாக நிற்கும். பறவைகளின் சிவப்பணுக்களில், டி.என்.ஏ. இருக்கும் உட்கரு உண்டு. எனவே அந்தப் புள்ளியிலிருந்து நுனியைவிடத் தரமான டி.என்.ஏ. கிடைத்தது. பாறுகளில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பாலினத்தை அறிய உதவும் சி.எச்.டி.1 மரபணுவைப் பி.சி.ஆர். என்னும் டி.என்.ஏ. படியெடுக்கும் முறையில் பெருக்கி, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், இரண்டு இசட் பாலினக் குரோமோசோம் கொண்ட ஆணுக்கு ஒரு பட்டையும், இசட், டபிள்யூ இரண்டும் கொண்ட பெண்ணுக்கு இரண்டு பட்டைகளும் தெரியும்.

குரோமோசோம்களைக் கண்ணால் காண இறகு போதாது. பிளவுறும் உயிரணுக்கள் வேண்டும். சிகிச்சையில் இருந்த ஒரு பாறுக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் சில துளிகளை, பறவையின் உடல்வெப்பத்தை ஒட்டிய 40 டிகிரியில் வளர்த்து, கொல்கிசின் என்னும் வேதிப்பொருளால் உயிரணுப் பிளவை நிறுத்தி, ஜீம்சா சாயமேற்றினோம். கோழியின் 78 குரோமோசோம்களில் பெரும்பாலானவை எண்ணவே சிரமமான நுண்துகள்கள். பாறு, கழுகு குடும்பத்திலோ அத்தகையவை மிகக் குறைவு, நடுத்தர அளவினவே மிகுதி. நுண்ணோக்கியில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது.

இப்போது மைக்ரோசாட்டலைட் எனப்படும், பறவைக்குப் பறவை நீளம் மாறக்கூடிய, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகளைக் குறியீடுகளாகக் கொண்டு, எந்தெந்த இறகுகள் ஒரே பறவையினுடையவை, எந்தப் பறவைகள் நெருங்கிய உறவின என்று பிரித்தறிந்து வருகிறோம்.