சிபியு சும்மா இருக்கிறது, ஆப் ஏன் இழுக்கிறது? லினக்ஸ் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் படித்த விதம்

சென்னையில் லினக்ஸ் அட்மின் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிற பலரும் ஏதாவது ஒரு சுற்றில் சந்திக்கிற கேள்வி இது: "ஆப் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு யூசர் கம்ப்ளெயின்ட். சர்வர்ல லாகின் பண்ணிட்டீங்க. அடுத்து என்ன?" தரமணியில் கேட்டாலும் சிறுசேரியில் கேட்டாலும் வார்த்தைதான் கொஞ்சம் மாறும். உடனே டாப் (ஓடும் பிராசஸ்கள்), ஃப்ரீ (மெமரி), டிஎஃப் (டிஸ்க் இடம்) என்று கமாண்டுகளை வரிசையாக ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறோம். பதில் அங்கே இல்லை. மெதுவாக இருக்கும் ஆப் பெரும்பாலான நேரம் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்குக்காக, நெட்வொர்க்குக்காக, டேட்டாபேஸ் லாக்குக்காக, இல்லை ஒரு பெயருக்கு ஐபி கிடைப்பதற்காக. எதற்குக் காத்திருக்கிறது என்று தேடுகிற பழக்கத்தை எப்படிப் படித்து வரவழைத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆர்.எச்.சி.எஸ்.ஏ., அதாவது லினக்ஸ் அட்மின்களுக்கான சான்றிதழ்த் தேர்வு. ரெட் ஹாட் நடத்தும் இந்தத் தேர்வில் கொள்குறி வினாக்கள் கிடையாது. சிஸ்டத்தில் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இன்டர்நெட் கிடையாது, ஆனால் மேன் பக்கங்கள் (கமாண்டுகளின் கையேடு) இருக்கும். செய்த மாற்றம் எதுவும் ரீபூட் ஆன பிறகும் நிலைத்திருக்க வேண்டும். கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இங்கே இருக்காது. பாடத்திட்டம் பொதுவில் இருக்கிறது. சிபியு, மெமரி அதிகம் எடுக்கும் பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) அடையாளம் காண்பது, முன்னுரிமையை மாற்றுவது, வேலைக்கேற்ப சிஸ்டத்தைச் சீரமைக்கும் டியூன்ட் புரொஃபைலைத் தேர்ந்தெடுப்பது, சிஸ்டம் பதிவேடான ஜர்னலில் லாக் படிப்பது, இவ்வளவும் அதில் உண்டு. இதையெல்லாம் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் "ஆப் ஏன் ஸ்லோ" என்ற கேள்விக்கு இது அடித்தளம் மட்டும்தான். மேல்கட்டடத்தை நாமேதான் கட்ட வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, ரேமை 16 ஜிபி ஆக்கி, இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கொண்டேன். ரெட் ஹாட்டின் டெவலப்பர் சந்தா தனிநபர்களுக்கு இலவசம். அது வேண்டாம் என்றால் ராக்கி லினக்ஸோ அல்மா லினக்ஸோ போதும். ஒரு மெஷினில் பைத்தானில் எழுதிய சின்ன வெப் ஆப், இன்னொன்றில் டேட்டாபேஸ். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

வேளச்சேரியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனும் இதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குள் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். ஒருவன் மெஷினை ஏதாவது செய்து கெடுக்க வேண்டும், மற்றவன் கண்டுபிடிக்க வேண்டும். கெடுத்தவன் யூசர் பேசுகிற மாதிரி மட்டும்தான் பேசலாம், துப்பு கொடுக்கக்கூடாது. எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இந்த அளவுக்குக் கற்றுத்தரவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தனியாகப் படிக்கிறவர்கள் கெடுக்கும் வேலையை நாலைந்து ஸ்கிரிப்டாக எழுதி, அதில் ஒன்று மட்டும் தற்செயலாக ஓடுகிற மாதிரி செய்துகொள்ளலாம்.

அதில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவன் சொன்னது இவ்வளவுதான்: "டேய், பேஜ் வர அஞ்சு செகண்ட் ஆகுதுடா." டாப் பார்த்தால் சிபியு சும்மா இருக்கிறது. மெமரி தாராளமாக இருக்கிறது. மெமரி, டிஸ்க், சிபியு நடமாட்டத்தை வரிவரியாகக் காட்டும் விஎம்ஸ்டாட்டும் அமைதியாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் திணறுவார்கள். வெப் பக்கத்தை டெர்மினலிலிருந்தே கேட்டு வாங்கும் கர்ல் கமாண்டை எடுத்தேன். அதில் டபிள்யூ ஆப்ஷன் கொடுத்தால் பெயரைத் தேட எவ்வளவு நேரம், இணைப்பு கிடைக்க எவ்வளவு, முதல் பைட் வர எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். வெறும் எச்டிஎம்எல் பக்கம் உடனே வந்தது. டேட்டாபேஸைத் தொடும் பக்கம் மட்டும் 5 நொடிக்குச் சற்று மேலே. திரும்பத் திரும்ப அதே 5.

அந்த உருண்டையான எண்தான் துப்பு. லோடு ஏறி மெதுவான சர்வர் ஒருமுறை 3 நொடி, அடுத்த முறை 7 நொடி என்று தாறுமாறாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே எண் வந்தால் எங்கேயோ ஒரு டைம்அவுட் முழுதாக ஓடி முடிகிறது என்று பொருள். பெயரை ஐபியாக மாற்றும்போது, லினக்ஸின் சி லைப்ரரி ஒரு டிஎன்எஸ் சர்வரின் பதிலுக்காக வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 5 நொடி. பதில் வராவிட்டால் பட்டியலில் உள்ள அடுத்த சர்வருக்குப் போகும். ஒரு பிராசஸ் கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸை ஆப் பிராசஸின் மீது போட்டதும் கண்ணெதிரே தெரிந்தது: டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டுக்கு ஒரு கேள்வி போகிறது, அடுத்த வரியில் 5000 மில்லி நொடி என்ற எண்ணோடு பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு போல் அழைப்பு நிற்கிறது, டைம்அவுட் என்று முடிகிறது, பிறகு வேறொரு முகவரிக்கு அதே கேள்வி, உடனே பதில். நண்பன் நேம்சர்வர் பட்டியலின் முதல் இடத்தில் 192.0.2.1 என்று போட்டிருந்தான். ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்காக ஒதுக்கப்பட்ட முகவரி அது. அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். பெயர்த் தேடலைச் சோதிக்க டிக் கமாண்ட் மட்டும் போதாது. அது மெஷினிலேயே இருக்கும் பெயர்-ஐபி பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேராக டிஎன்எஸ்ஸிடம் போய்விடும். ஆப் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் போக கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் போட்டு, முன்னால் டைம் சேர்த்து ஓட்டுங்கள். இன்னொன்று, நிஜ சர்வரில் எஸ்ட்ரேஸைக் கேட்காமல் போடாதீர்கள். அது பிராசஸை நன்றாகவே மெதுவாக்கும். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் ஆப்பை அது படுக்க வைத்துவிடலாம்.

மற்ற கெடுதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8 கோர் மெஷினில் ஒரே த்ரெட் (நிரலின் ஒரு இழை) ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டால் மொத்த சிபியு பயன்பாடு 12.5% என்றுதான் தெரியும். டாப்பில் 1 அழுத்தி ஒவ்வொரு கோரையும் தனியாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். விஎம்ஸ்டாட்டின் முதல் வரி மெஷின் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், இரண்டாவது வரியிலிருந்து பாருங்கள். ஃப்ரீ கமாண்டில் ஃப்ரீ என்ற எண் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலி மெமரியை லினக்ஸ் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், பார்க்க வேண்டியது அவைலபிள் பத்தி. ஸ்வாப்பில் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் தொடர்ந்து ஓடுகிறதா என்பதுதான் முக்கியம். கிளவுடில் இருக்கும் மெஷின் என்றால் எஸ்டி பத்தியையும் விடாதீர்கள். நமக்குரிய சிபியு நேரத்தை விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் வேறு மெஷினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் அங்கேதான் தெரியும்.

இப்போது நேர்முகம். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி. கேள்வி கேட்டவர் அந்த அணியின் லீட்.

"8 கோர் மெஷின். லோட் ஆவரேஜ் 30. சிபியு 90 பர்சன்ட் ஐடில். ஆப் தொங்குது. எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?"

"மேடம், எல்லா பேஜும் தொங்குதா, இல்ல குறிப்பிட்ட பேஜ் மட்டுமா?"

"ரிப்போர்ட் டவுன்லோட் பேஜ் மட்டும்."

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து."

"அந்த ரிப்போர்ட் ஃபைல் எங்க எழுதப்படுது மேடம்? லோக்கல் டிஸ்க்கா, என்எஃப்எஸ் மவுன்டா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அதைக் கேக்குறீங்க?" என்றார். அதற்கு அப்புறம் அது கேள்வி பதிலாக இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பிரச்சினையைப் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

நான் விளக்கியது இதைத்தான். லினக்ஸில் லோட் ஆவரேஜ் என்பது சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. டி நிலையில், அதாவது இடைமறிக்க முடியாத உறக்கத்தில் இருக்கும் பிராசஸ்களும் அதில் சேரும். 1993-இல் கெர்னலில் செய்த மாற்றம் இது. அதனால் சிபியு ஓய்வாக இருந்துகொண்டே லோட் 30 ஆக முடியும். லோக்கல் டிஸ்க்தான் காரணம் என்றால் டபிள்யூஏ எண்ணும் (டிஸ்க்குக்காக சிபியு காத்திருக்கும் நேரம்) ஏறியிருக்க வாய்ப்பு அதிகம், டிஸ்க் எண்களைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் அவெயிட் (ஒரு கோரிக்கைக்கு ஆகும் சராசரி நேரம்) காட்டிக்கொடுக்கும். இங்கே ஐடில் 90 என்கிறார். ஒரே ஒரு பேஜ் மட்டும் தொங்குகிறது என்கிறார். தொலைவில் இருக்கும் ஸ்டோரேஜ், அதாவது நெட்வொர்க் வழியே இணைத்த என்எஃப்எஸ் மவுன்ட், பதில் சொல்லவில்லை என்ற சந்தேகம் அங்கே வர வேண்டும். உறுதிப்படுத்த பிஎஸ் கமாண்டில் ஸ்டேட், டபிள்யூசான் இரண்டு பத்திகளையும் கேட்டால் டி நிலையில் யார் இருக்கிறார்கள், கெர்னலின் எந்த ஃபங்ஷனில் நிற்கிறார்கள் என்று தெரியும். பெயரில் என்எஃப்எஸ் அல்லது அது பயன்படுத்தும் ஆர்பிசி தென்பட்டால் ஏறக்குறைய முடிந்தது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் அந்த என்எஃப்எஸ் சர்வர் பதில் தரவில்லை என்ற வரியும் இருக்கலாம். பதில் தராத மவுன்ட் இருக்கும்போது வெறும் டிஎஃப் அடித்தால் அதுவும் கூடவே தொங்கும், எல் சேர்த்து அடித்தால் உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் காட்டும் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர் முகத்தில் நம்பிக்கை வந்தது. புத்தகத்தில் படித்ததற்கும் மெஷினில் பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்பவர்கள் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் பிடிக்கிறார்கள்.

ரீஸ்டார்ட் பற்றியும் அவர் கேட்டார். ரீஸ்டார்ட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது சேவை மீண்டும் ஓடுவதுதான் முதல் வேலை. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும். அதனால் அதற்கு முன்னால் பிஎஸ், எஸ்எஸ் (நெட்வொர்க் இணைப்புகள்), விஎம்ஸ்டாட்டின் சில வரிகள், டிமெசேஜ் இவற்றை ஒரு கோப்பில் எடுத்து வைத்துவிட்டுச் செய்வேன் என்றேன். ஜாவா ஆப் என்றால் த்ரெட் டம்ப்பும் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுக்க வேண்டும். டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் (ஆப் பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) தீர்ந்து எல்லா த்ரெட்டும் கனெக்ஷனுக்காக நிற்பதை சர்வர் பக்கத்து எண்கள் எதுவும் சொல்லாது, அந்த டம்ப்தான் சொல்லும்.

எஸ்எஸ் கமாண்டைப் பற்றி ஒன்று. லிஸன் நிலையில், அதாவது புதிய இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் சாக்கெட்டில் ரெசீவ் க்யூ என்பது ஆப் இன்னும் கையில் எடுக்காத இணைப்புகள், சென்ட் க்யூ என்பது அந்த வரிசையின் உச்ச வரம்பு. முதலாவது இரண்டாவதைத் தொட்டுக்கொண்டிருந்தால் நெட்வொர்க் டீமை எழுப்ப வேண்டியதில்லை, ஆப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்து நேர்முகத்துக்குத் தயாராகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

மொழியைப் பற்றி நிறையப் பேர் தயங்குகிறார்கள். இங்கே தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அழகான ஆங்கிலத்தில் கமாண்டுகளை அடுக்குவதைவிட, தெரிந்த மொழியில் "இதைப் பார்ப்பேன், இப்படி இருந்தால் அது காரணமில்லை, அடுத்து இங்கே போவேன்" என்று சொல்கிறவருக்கே மதிப்பு.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பயிற்சி மெஷினில் சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி, சேவையை எனேபிள் செய்துவிடுங்கள். வழக்கமாகப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அது எண்களைச் சேமிக்கும். ரெட் ஹாட் வகை மெஷின்களில் வார் அடைவுக்குள் லாக், அதற்குள் எஸ்ஏ என்ற இடத்தில் தேதி வாரியாகக் கோப்புகள் சேரும். ஒரு வாரம் விட்டுவிட்டு, அவற்றைப் படித்துக் காட்டும் சார் கமாண்டில் எஃப் ஆப்ஷனோடு பழைய நாளின் கோப்பைத் திறந்து, க்யூ, டபிள்யூ, டி ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் போட்டு எந்த எண் எதைக் குறிக்கிறது என்று மேன் பக்கத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். "நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்லோவா இருந்துச்சு, இப்ப நல்லா இருக்கு" என்பதுதான் நேர்முகத்தில் அடுத்து வருகிற கேள்வி. அதற்குப் பதிலை இந்தக் கோப்புகளில்தான் தேட வேண்டும்.