தெரிந்த சொல்தான் காலை வாரியது: ஜிஆர்இ வெர்பல் அனுபவம்

முதுநிலைப் படிப்பில் சேர்வதற்காக இரண்டாம் முறை எழுதிய ஜிஆர்இ தேர்வின் முடிவு வந்துவிட்டது. ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பிரிவில் 161. முதல் முறை 150. பதினொரு மதிப்பெண் கூடியதில் நிம்மதிதான் என்றாலும், முதல் முயற்சிக்குச் செலவிட்ட ஏழு மாதங்களை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அந்த மாதங்களில் 1,100 அரிய சொற்களை அட்டைகளில் எழுதி உருப்போட்டேன். எந்தக் கேள்வியில் தவறினோம் என்பது மதிப்பெண்ணைப் பார்த்துத் தெரிவதில்லை. பிறகு எழுதிய மாதிரித் தேர்வுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை பிடிபட்டது. அரிய சொற்களில் நான் பெரும்பாலும் தவறவில்லை. என்னைக் கவிழ்த்தவை அட்டையில் எழுதுமளவுக்கு மதிக்காத சொற்கள், அவற்றில் முதலாவது ‘செக்’.

சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் வகைக் கேள்வி அது: கோடிட்ட இடத்தில் வைத்தால் வாக்கியம் ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறு தெரிவுகளிலிருந்து எடுக்க வேண்டும். அதே அச்சில் நானே அமைத்த ஒன்றைச் சொல்கிறேன்: “மன்னரின் பேராசைக்கு மக்கள் மன்றம் மட்டுமே உருப்படியான ______ ஆக விளங்கியது.” தெரிவுகள்: செக், ஆடிட், ஸ்பர், கர்ப், ரெவ்யூ, கோட். நான் ‘செக்’ என்றதும் சரிபார்த்தல் என்று எடுத்துக்கொண்டு, அதை ஆடிட், ரெவ்யூ ஆகியவற்றோடு ஒரே கூட்டில் அடைத்தேன். ஒரே பொருளில் மூன்று இருக்க முடியாதே என்று குழம்பி, கடைசியில் ஆடிட்டையும் ரெவ்யூவையும் தேர்ந்தேன். விடை செக், கர்ப். இரண்டும் இங்கே கடிவாளம், தடை என்ற பொருளில் வருகின்றன. ஆறு தெரிவுகளில் மூன்று இணைகள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்: செக்–கர்ப், ஆடிட்–ரெவ்யூ, தூண்டுதல் என்ற பொருளில் ஸ்பர்–கோட் (goad). ‘இணையைக் கண்டுபிடித்தால் போதும்’ என்ற அறிவுரையை நம்பியவர்களுக்கு இந்தக் கேள்வி வகை கருணை காட்டாது. ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் பாதி மதிப்பெண்ணும் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொருள் எனக்குத் தமிழில் நன்றாகவே தெரியும். “எதிரணிக்கு செக் வைத்தார்” என்ற செய்தித் தலைப்பைப் பார்த்து, எதிரணியைச் சரிபார்த்தார் என்று யாரும் படிப்பதில்லை. சொல்லின் பிறப்பும் அதுதான். அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘ஷா’, சதுரங்கத்தின் வழியே அரபுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் சென்று ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. அரசனுக்கு ஆபத்து என்றால் மற்ற நகர்வுகள் எல்லாம் நின்றுவிட வேண்டும். அதனால் நிறுத்துதல், அதிலிருந்து கட்டுக்குள் வைத்தல், கட்டுக்குள் வைப்பதற்காகச் சரிபார்த்தல் என்று பொருள் கிளைத்தது. வங்கிக் காசோலைக்கு இந்தப் பெயர் வந்ததும் மோசடியைத் தடுக்க வைத்திருந்த அடிக்கட்டையால்தான். கட்டம் போட்ட துணி சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. இந்தக் கதையைப் படித்த பிறகு நான் அந்தச் சொல்லில் தவறியதே இல்லை. கதை பிடிக்காதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராமலும் போகலாம். எனக்கு எண்கள்கூடக் கதையாக இருந்தால்தான் மனத்தில் நிற்கும்.

ஆகவே பழைய அட்டைகளை ஓரங்கட்டிவிட்டு, ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்பதை ஒரு பொருளுக்கு ஓர் அட்டை என்று மாற்றினேன். அதில் ஒத்த சொற்களோடு, அவை எதன் மேல் பாயும் என்பதையும் எழுதினேன். என் ‘செக்’ அட்டைகள் இரண்டும் இப்படித்தான் இருந்தன:

தடுத்தல்: கர்ப் (ஆசை, செலவு, முதலில் குதிரையின் தாடையடி வார்), ரெயின் இன் (இதுவும் குதிரைதான்), ஸ்டெம் (பெருக்கு, ஓட்டம்), ஸ்டாஞ்ச் (குருதி), அரெஸ்ட் (சிதைவு, வளர்ச்சி).

சரிபார்த்தல்: வெரிஃபை (கூற்றின் உண்மை), இன்ஸ்பெக்ட் (பொருள், இடம்), ஆடிட் (கணக்கு), வெட் (ஆளின் தகுதி; கால்நடை மருத்துவரைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம்).

அகராதியில் ஒத்த சொல் என்று ஒரே வரியில் கிடக்கும் இவை வாக்கியத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காருவதில்லை. குருதியை ஸ்டாஞ்ச் செய்யலாம், ஆசையைச் செய்ய முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதிவைக்கத் தொடங்கிய பிறகே, தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன் கோடிட்ட இடத்துக்கு என் சொல்லில் ஒரு விடையைத் தமிழிலேயே நினைத்துக்கொள்ளும் பழக்கமும் பலன் தந்தது. “தடை” என்று முதலில் நினைத்திருந்தால் ஆடிட் என்னை இழுத்திருக்காது.

எளிய சொற்களின் எல்லாப் பொருளையும் படிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். அதைப் படிப்பது தவமாகுமே தவிர தயாரிப்பாகாது. தேர்வுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது பொருள். நான் வைத்திருந்த பட்டியலில் சில:

ஃப்ளாக் – தளர்தல்
க்வாலிஃபை – கூற்றை வரம்புக்குட்படுத்துதல்
டெம்பர் – தணித்தல்
வான்ட் – இன்மை
டேக்ஸ் – சோர்வடையச் செய்தல்
பெடஸ்ட்ரியன் – சுவையற்ற, சாதாரணமான
சாங்க்ஷன் – ஒப்புதல் அளித்தல், தண்டித்தல் (இரண்டும்!)

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் வெர்பல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 23 நிமிடம். எளிய சொல்லைக் கண்டு “இது தெரியும்” என்று தோன்றிய கேள்விகளை மட்டும் குறியிட்டு வைத்து, பகுதி முடிவதற்குள் திரும்பிப் பார்த்தேன். கடினமாகத் தோன்றியவற்றுக்குத் திரும்பவே இல்லை. மறுதேர்வுக்கு 21 நாள் இடைவெளி கட்டாயம் என்பதால், அவசரமாகப் பதிவு செய்ய நினைப்பவர்கள் அந்த நாட்களில் புதுச் சொல் ஒன்றையும் தொடாமல், தவறவிட்ட கேள்விகளில் ஏற்கெனவே அறிமுகமான சொற்களை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள். என் வட்டங்கள் நாற்பத்திரண்டு.