எம்.டி.ராமநாதனின் சஹானா: மார்கழிக் குறிப்புகள்

மார்கழி 4

மாலைக் கச்சேரியில் பாடகர் பிர்காக்களை, அந்த அதிவேக ஸ்வரச் சுழல்களை, அள்ளி வீசினார். அரங்கம் கைதட்டிக் கொண்டாடியது. எனக்கோ வீடு திரும்பியதும் நிதானமாகப் பாடும் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதனைக் கேட்டால்தான் மனம் அடங்கும் என்று தோன்றியது. சஹானா ராகத்தில் அமைந்த தியாகராஜரின் ‘கிரிபை’ கீர்த்தனையை அவர் பாடிய ஒலிப்பதிவைப் போட்டேன்.

மார்கழி 5

இன்றும் அதே ஒலிப்பதிவுதான். சஹானா நேராக ஏறி இறங்கும் ராகமன்று. காந்தாரத்திலிருந்து மத்தியமத்தைத் தொட்டு ரிஷபத்துக்கு இறங்கி, மறுபடியும் காந்தாரத்தை எட்டிப் பார்த்த பிறகே அது ஷட்ஜத்தில் வந்து அமர்கிறது. இந்த வளைவை மற்றவர்கள் ஒரே மூச்சில் கடந்துவிடுவார்கள். ராமநாதன் ஒவ்வொரு ஸ்வரத்திலும் சற்று நின்று, அடுத்ததற்குச் செல்ல அனுமதி கேட்பவரைப் போலத் தயங்கி நகர்கிறார். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் விடும் இடைவெளியில் தம்புராவின் நாதம் மட்டும் கேட்கிறது, அந்த நாதத்தையும் பாட்டின் ஒரு பகுதியாகவே அவர் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆண்களின் வழக்கமான சுருதிக்கும் கீழே ஒலிக்கும் அந்தக் கனத்த குரல் மந்திர ஸ்தாயி என்னும் கீழ்த்தளத்தில் இறங்கும்போது, பாடுவது எது, தம்புரா எது என்று பிரித்தறிய முடியாமல் சில கணங்கள் கழிகின்றன. வேகமான சங்கீதத்தைத் திறமையாக ரசிக்கும் எனக்கு, இங்கே ரசிப்பவன் என்ற நினைப்பே நழுவிவிடுகிறது.

‘தூங்க வைக்கிற பாட்டு’ என்று அவரைக் கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. விளம்ப காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், தாளத்தைக் குலையாமல் நிறுத்திப் பாடுவதற்கு எவ்வளவு பிடிமானம் வேண்டும் என்பதை அவர்கள் ஒருமுறையாவது பாடிப் பார்த்து அறிந்திருக்கலாம்.

மார்கழி 8

கீர்த்தனையின் பொருளை நினைத்தபடி கேட்டேன். மலைமேல் நிலைகொண்ட இராமனைக் கண்டு மெய்சிலிர்த்து, ஆனந்தக் கண்ணீரோடு பேச நாவெழாமல் நிற்கும் தியாகராஜருக்கு, பத்து நாளில் ஆட்கொள்வதாக அருள் கிடைக்கிறது. அவர் 1847 ஜனவரியில் சித்தியடைவதற்குப் பத்து நாள் முன்பு பாடியது இது என்பது வழிவழியாக வரும் செய்தி. மரணத்தின் அறிவிப்பு என்பதால் இதை உருகி அழுது பாட இடமிருக்கிறது. ராமநாதன் அழுவதில்லை, இசைமேதை டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, சென்னைக் கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவில் கற்பித்த அவர், ராகத்தின் மேல் எதையும் பூசாமல் அதன் போக்கிலேயே விட்டுவிடுகிறார். சோகத்தைக் காட்டாததனாலேயே அந்தப் பத்து நாள் எனக்குக் கெடுவாகத் தோன்றாமல், வந்துசேர வேண்டிய ஒரு வரவாகத் தோன்றுகிறது.