தீயை அள்ள முடியாது

சென்ற வாரம் 12 பக்கப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் முழுக்க 'ஃபயர்' என்ற ஒரே சொல். முதல் பக்கத்தில் 'நெருப்பு அணைப்பான்' என்று எழுதி உடனே அடித்தேன். காது ஒப்பவில்லை. தீயணைப்பான், தீக்காயம், தீ விபத்து என்றுதானே சொல்கிறோம்? அப்படியானால் எல்லா இடத்திலும் 'தீ' என்றே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏழாம் பக்கத்தில் 'சாம்பலுக்கு அடியில் தீ இருக்கலாம்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

தீ பிடிக்கும், பரவும், தாவும். நெருப்புக்கு ஓர் உடல் இருக்கிறது. அதை அள்ளலாம், கொட்டலாம். 'வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்கிறோம். அந்த இடத்தில் தீயை வைத்துப் பாருங்கள், கட்டு நிற்காது. எல்லா வாக்கியங்களிலும் இந்த எல்லை கறாராக இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் காது பல இடங்களில் அதை அறிந்தே வைத்திருக்கிறது.

சந்தேகம் தீராமல் ஒரு தீக்குச்சியை உரசினேன். உரசிய கணத்தில் பொறி. அடியில் நீலமும் மேலே மஞ்சளுமாக நின்றது சுடர். ஊதியதும் சுடர் போய், கறுத்து வளைந்த நுனியில் சிவப்பாய் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியது. அது கனல். மூன்று நொடிக்குள் மூன்று சொற்கள்! இன்னும் அழல், தழல், தணல், கங்கு என்று எத்தனை வைத்திருக்கிறோம்.

துப்பாக்கி வரும் இடத்தில் இரு மொழிகளும் ஒன்றுசேர்கின்றன. பழைய துப்பாக்கிகளில் வெடிமருந்துக்குக் கையால் தீ வைப்பார்கள். ஆங்கிலம் அதனால் 'ஃபயர்' என்றது. நாமோ 'சுடு' என்றோம். கையைச் சுடுவதும் குண்டு சுடுவதும் நமக்கு ஒரே வினை.

அக்கினி சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. லத்தீனின் 'இக்னிஸ்' அதற்கு உறவு. வண்டியின் 'இக்னிஷன்' அந்த இக்னிஸிலிருந்து பிறந்ததுதான்.

எனக்கு மிகப் பிடித்தது தீயின் பக்கத்திலேயே நிற்கும் சொற்கள். தீமை, தீது, தீயவர். 'தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்' என்ற 202ஆம் குறளை உரக்கச் சொன்னால் நாலு முறை நாக்கில் தீ படுகிறது. நாலாவதுதான் உண்மையான தீ. இதே ஒலி தீங்கனியிலும் தீஞ்சுவையிலும் இனிமையாகிவிடுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

கையேட்டைச் சரிபார்த்தவர் சொல் ஒருமைக்காக எல்லாவற்றையும் 'தீ' என்று மாற்றி அனுப்பினார். பதினொரு பக்கங்களுக்கு ஒப்புக்கொண்டேன். ஏழாம் பக்கத்தில் மட்டும் திரும்ப எழுதினேன்: 'சாம்பலைக் கையால் கிளறாதீர்கள், உள்ளே கங்கு இருக்கும்.'