இரண்டு பத்திகள் கொண்ட படிவம்

பாஸ்டனிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் குளோஸ்டருக்கு. 1623ல் ஆங்கிலேயர்கள் மீன் பிடிப்பதற்கென்றே வந்து இறங்கிய ஊர். அதன் துறைமுகத்தை ஒட்டி ‘மாரிடைம் குளோஸ்டர்’ என்று ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. வார நாட்களில் மென்பொருள், சனிக்கிழமைகளில் இங்கே சம்பளமில்லாத வேலை என்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது எனக்கு.

படகு கட்டலாம், பாய் ஏற்றலாம் என்ற கனவோடுதான் தன்னார்வலர்கள் எல்லோரும் வருவார்கள். முதலில் நிறுத்தப்படும் இடம் தொட்டி. கடல் நட்சத்திரமும் குதிரைலாட நண்டும் கிடக்கும் தொட்டியில் பிள்ளைகள் கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். கையை நனைத்துக்கொள், இரண்டு விரலால் தொடு, வெளியே தூக்காதே. காலை முழுக்க இதே பாட்டு. குதிரைலாட நண்டின் ரத்தம் நீலம் என்று சொன்னதும் மொத்த வகுப்பும் அடங்கிவிடும். பெற்றோர்தான் சந்தேகத்தோடு கைபேசியை எடுப்பார்கள்.

தொட்டியைத் தாண்டினால் படகுகளைக் கரையேற்றும் தண்டவாளம். 1849ல் போட்டது, இன்றும் வேலை செய்கிறது. சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கும் தண்டவாளத்தில் ஒரு தொட்டில் வண்டி. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறியிருக்கும்போது படகை அதன் மேல் மிதக்கவிட்டு நிறுத்தி, சங்கிலியால் மெல்ல இழுக்க வேண்டும். இங்கே ஓத ஏற்ற இறக்கம் சுமார் 9 அடி என்பதால் வேலை நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் அல்ல. மேலே வந்த படகின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். என்னை இன்னும் அடிக்க விட்டதில்லை, சுரண்டத்தான் விட்டிருக்கிறார்கள்.

பட்டறையில் டோரி என்ற சிறு மீன்பிடிப் படகு கட்டுகிறார்கள். தட்டையான அடிப்பாகம், வெளிப்பக்கம் சாய்ந்த ஓரங்கள். குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டால் டம்ளர்களை அடுக்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாகப் பெரிய பாய்க்கப்பலின் தளத்தில் அடுக்கிவிடலாம். மீன் இருக்கும் திட்டு வந்ததும் டோரிக்கு இரண்டு பேராக இறங்கி ஆயிரங்கால் தூண்டில், அதாவது நெடுகத் தூண்டில் முட்கள் கட்டிய நீளக் கயிறு, விடுவார்கள். மூடுபனியோ பனிப்புயலோ வந்தால் கப்பல் கண்ணுக்குத் தெரியாது. 1883 ஜனவரியில் இந்த ஊர் மீனவர் ஹோவர்ட் பிளாக்பர்ன் அப்படித்தான் ஒரு பனிப்புயலில் நியூஃபவுண்ட்லாந்து அருகே கப்பலைத் தவறவிட்டார். கையுறை போய்விட்டது. விரல்கள் எப்படியும் உறைந்துவிடும், உறைவதானால் துடுப்புப் பிடிக்கும் வளைவிலேயே உறையட்டும் என்று பிடித்தபடியே இருந்தார். கூட வந்தவர் படகிலேயே இறந்துபோனார். பிளாக்பர்ன் கரை சேர்ந்தார், விரல்களை எல்லாம் இழந்து. அந்தக் கைகளோடு 1899லும் 1901லும் தனியாளாக அட்லாண்டிக்கைப் பாய்ப்படகில் கடந்தார். 1901ல் அவர் ஓட்டிய ‘கிரேட் ரிபப்ளிக்’ இதே ஊரில் கேப் ஆன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் படகைப் பார்க்காமல் இந்தக் கதையை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நம்புவது, நம்பாமலிருப்பது. என் சனிக்கிழமைகளின் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது. “அப்பா போய்விட்டார், வீட்டை விற்கிறோம், கராஜில் இது கிடந்தது” என்று ஊர்க்காரர்கள் பெட்டியோடு வருவார்கள். கப்பி, வலை பின்னும் ஊசி, திசைகாட்டி, எண்ணெய்த் துணிக் கோட்டு. எல்லாவற்றையும் வாங்கி வைக்க எந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கும் அலமாரி போதாது. எந்தப் படகில் இருந்தது, யார் கையில் இருந்தது, எப்படி வீட்டுக்கு வந்தது என்று தெரியாத திசைகாட்டி, பழைய சாமான் கடைத் திசைகாட்டிதான்.

ஒருவர் கொண்டுவந்த திசைகாட்டி, புயலில் மூழ்கிய தாத்தாவின் கப்பலில் இருந்தது என்றார். மூழ்கிய கப்பலின் திசைகாட்டி வீட்டு அலமாரிக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்திலிருந்த முன்னாள் மீனவர், இங்கே என்னைவிட மூத்த தன்னார்வலர், ஒரு காகிதத்தை நடுவில் மடித்தார். இடப்பக்கம் பொருளில் கண்ணால் கண்டது: பித்தளை, தயாரிப்பாளர் முத்திரை, உடைந்த கண்ணாடி. வலப்பக்கம் குடும்பத்தார் சொன்னது, சொன்னவர் பெயரோடும் தேதியோடும். “இரண்டையும் கலக்காதே, இரண்டையும் தூக்கியும் போடாதே” என்றார். 5,300க்கு மேற்பட்ட கடலோடிகளின் பெயர்களை நினைவுச்சின்னத்தில் பொறித்து வைத்திருக்கிற ஊர் இது. தாத்தா மூழ்கியது பொய்யாக இருக்க அவசியமில்லை, திசைகாட்டி வேறு கப்பலுடையதாக இருக்கலாம்.

ஏற்றுக்கொண்ட பொருளுக்கு எண் எழுதுவதும் என் வேலை. வேண்டும்போது கழுவி எடுத்துவிடக்கூடிய ஒரு பிசினை மெல்லப் பூசி, காய்ந்ததும் மையால் பொடி எழுத்தில் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. எண் அழிந்தால் காகிதம் எந்தப் பொருளுடையது என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்ட பிறகு ‘அன்னபூரணி’ என்ற கப்பலைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன். இலங்கையின் வடக்கே வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, மனைவியின் பெயரால் ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கினார். தமிழ்க் கடலோடிகள் ஐந்து பேர் அதைச் சூயஸ் வழியாக, மத்தியதரைக்கடலும் அட்லாண்டிக்கும் கடந்து இதே குளோஸ்டருக்குக் கொண்டுவந்தார்கள். 1938 ஆகஸ்டில் பாஸ்டன் பத்திரிகையிலேயே வந்த செய்தி, ஆகவே இடப்பக்கம். முழுக்க வேம்பால் கட்டியது என்பது ஊரில் சொல்லக் கேட்டது, வலப்பக்கம். இதைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. வலப்பக்கம் என்றால் பொய்ப்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தாத்தாவுக்குச் செய்ததைத்தான் நம் தண்டையலுக்கும், அதாவது நம் கப்பல் தலைவருக்கும், செய்கிறேன்.

வல்வெட்டித்துறைக் குடும்பங்களில் இதைப் படிப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பழைய படமோ கடிதமோ கிடைத்தால், ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் தேதியையும் தனித்தாளில் குறித்து வையுங்கள். படத்தின் மேலேயே பேனாவால் எழுதிவிடாதீர்கள்.